கேட்ச் கேனில் பால்தேத்தண்ணி

பெண் வீட்டோடு போய் இருக்க மாட்டேன் என்று நான் தீர்மானம் எடுத்தது என் கல்யாணத்துக்கு முந்தின கிழமை. எடுத்த தீர்மானத்தை இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்தேன். நாட்டில் ஆட்சிகள் மாறின. பெற்றோல் வரிசை வந்தது, போனது. என் தீர்மானம் மட்டும் மாறவில்லை. கடைசியில் அதைக் கவிழ்த்தது ஒரு சின்ன அலுமினிய டின். அந்த டின்னை என் காருக்குள் பூட்டியவனும் நான்தான். ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை. இருந்தாலும் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் அர்கம். கடுகண்ணாவையில் சொந்த வீடு, பேராதனையில் வங்கி வேலை. வேலை நாட்களில் ரயிலில் போய் ரயிலில் வருவேன். என் மனைவி அஸீமாவும் அதே ரயில்தான். அவளுக்குப் பேராதனையில் ஒரு தனியார் லேப்பில் வேலை. இரத்தம், சலம் எல்லாம் பார்த்து ரிப்போட் கொடுப்பாள். வெறும் வயிற்றில்தான் வந்தேன் என்று ஒருவர் சத்தியம் பண்ணினாலும் அவளிடம் எடுபடாது. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "விடிய ரொட்டியும் எண்ணெய்க் கறியும் திண்டுட்டுத்தான் வந்தீக்கிறார்" என்று சொல்லிவிடுவாள். கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் இரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர் பால் மாதிரிக் கலங்கிவிடுமாம். இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டியவன் பொய் சொல்லலாமா? கூடாது. நான் சொன்னேன்.

அஸீமாவின் உம்மா ருக்கியா மாமி திகனையில் தனியாக இருக்கிறார். அஸீமாவின் வாப்பா கட்டின பெரிய வீடு, பிரதான வீதியில். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. என் சிநேகிதர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஒரு சுற்றுப் பருத்தும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒத்து வராது. மாமி கெட்டவர் இல்லை, கேள்வி கேட்பவர். எங்கே போகிறாய், எப்போது வருகிறாய், குடை எங்கே, இந்தச் சேர்ட்டையா போடுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வங்கியில் ஓடிட்டுக்கு வருகிறவர்கள்கூட இப்படிக் கேட்பதில்லை.

போன வருஷம் மாமிக்கு பிரஷர் ஏறியது. அஸீமா உடனே சாமான் கட்டுகிற கதையை எடுத்தாள். நான் ஒரு ஒப்பந்தம் பேசினேன். சனிக்கிழமை அவளுக்கு லேப் உண்டு, எனக்கு லீவு. ஒவ்வொரு சனியும் நானே காரில் திகனைக்குப் போய், மருந்து சாமான் கொடுத்து, மாமியோடு இருந்து பேசி, சுகம் பார்த்து வருவேன். அதற்குப் பதிலாக நாங்கள் கடுகண்ணாவையிலேயே இருப்போம்.

"ஒரு சனி தவறினாலும் திகனக்கு குடி போற. சரியா?" என்றாள் அஸீமா.

"சரி."

"பொறகு கதை மாத்த ஏலா."

"நான் எப்ப கதை மாத்தின?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விட்டிருப்பாள்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனேன். கோழி புரியாணி, பொரிச்ச கத்தரிக்காய், வட்டிலப்பம் என்று மாமி மேசையை நிரப்பி வைத்திருப்பார். நான் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கதிரையில் தூங்கி, ஆறு மணிக்கு எழும்பி வருவேன். ஒரு நாள் மாமியே போனில் கோல் எடுத்தார்.

"மகன், கோவிக்க வேணாம். நீங்க வார எண்டா நான் சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழும்ப வேண்டீக்குது."

"ஏன் மாமி? இருக்கிறதத் தாங்களேன்."

"மருமகனுக்குப் பருப்பும் சோறும் வைக்க ஏலுமா? பக்கத்து ஊட்டாக்கள் என்ன செல்லுவாங்க? டொக்டர் பிரஷர் ஏன் ஏர்ற எண்டு கேக்கிறார். உங்களாலதான் எண்டு எப்பிடிச் செல்ற?"

"அப்ப நான் வராட்டி?"

"சாமான் வந்தாக் காணும்."

"அஸீமா கேட்டா?"

"வந்தார், திண்டார், போனார் எண்டு செல்றேன். பொய்யா? எத்தன தரம் வந்து திண்டீக்கிறீங்க!"

இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எல்லாம் லேசாகிவிட்டது. கொழும்பிலிருந்து மகியங்கனை போகிற பஸ் எங்கள் சந்தியால் போகும், திகனையில் மாமியின் வாசலாலும் போகும். கொண்டக்டர் கையில் பையைக் கொடுத்தால் மாமி வாசலில் நின்று வாங்கிக்கொள்வார். இந்த நாட்டில் கொண்டக்டரிடம் கொடுத்த பொதி போய்ச் சேராமல் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அஸீமா வேலைக்குப் போனதும் நான் காரை எடுப்பேன். சந்தியில் பையை பஸ்ஸில் ஏற்றுவேன். அப்படியே அடுத்த வளைவில் இறங்கி சுமனின் கராஜுக்குள் காரை விட்டுவிடுவேன். சுமன் மெக்கானிக். என்னைவிட இளையவன், அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். கராஜின் பின்பக்கம் ஒரு கேரம் போர்ட் இருந்தது. பின்னேரம் வரை எனக்கு அதுதான் திகனை.

அங்கேதான் அந்த டின்னைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கேட்ச் கேன் என்று அதற்குப் பெயர்.

"என்ஜின் மூச்சு விடும்ல நானா, அந்த மூச்சுல எண்ணெ ஆவி கலந்து வரும். அது ஒரு ஹோஸ் வழியா திரும்பவும் என்ஜினுக்குள்ளயே போயி கரி புடிக்குது. அந்த ஹோஸுக்கு நடுவுல இத வச்சோம்னா எண்ணெ இதுக்குள்ள தங்கிரும். காத்து மட்டும் உள்ள போகும்" என்றான் சுமன்.

"நம்மட காருக்கு வேணுமா?"

"வேணும்னு இல்ல. வச்சா நல்லது."

வேணும்னு இல்லை, வச்சா நல்லது. ஆம்பிளைகள் வாங்குகிற சாமான்களில் முக்கால்வாசி இந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டுக்கு வருகின்றன. நானும் விழுந்தேன். ஆனால் அஸீமாவின் அனுமதி வேண்டும். அன்று ராச் சாப்பாட்டில் கதையைத் தொடங்கினேன்.

"ஒவ்வொரு சனியும் திகனக்கு ஏத்தம் இறக்கம். என்ஜின் பாவம். உன்ட உம்மாக்காக ஓடுற கார். அதுக்கு ஒரு சின்ன பாதுகாப்பு போட வேணாமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "உம்மாக்காக எண்டா வாங்குங்க" என்றாள். அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. டின் வந்து சேர்ந்ததும் வெட்கம் போய்விட்டது.

சுமன் பூட்டித் தருகிறேன் என்றான். நான் விடவில்லை. வீடியோ பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் காரின் பொனட்டைத் திறந்தேன். கடுகண்ணாவை மூடுபனி இன்னும் கலையவில்லை. அஸீமா போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இது என்ன?"

"என்ஜின்ட மூச்சுக்குழாய்."

"இத என்ன செய்யப்போற?"

"வெட்டப்போறேன்."

"நல்லா மூச்சு விடுற ஆள்ட மூச்சுக்குழாயையா?"

"வெட்டினாத்தான் நடுவுல டின்னப் பூட்ட ஏலும். நீ டோர்ச்ச நேராப் பிடி."

"நான் நேராத்தான் பிடிச்சீக்கிறேன். உங்கட கைதான் நடுங்குது."

வெட்டினேன். பெட்டரிக்குப் பக்கத்தில் தகட்டில் ஓட்டை போட்டு டின்னை நிறுத்தினேன். ஹோஸை மாட்டி கிளிப்பை இறுக்கும்போது கிளிப் வழுக்கி என்ஜினுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. கையை விட்டேன், போகவில்லை. விளக்குமாற்று ஈர்க்கிலை விட்டேன், அதுவும் உள்ளே விழுந்தது. அஸீமா தன் ஸ்கார்ஃபில் குத்துகிற காந்தப் பின்னைக் கழற்றி, நூலில் கட்டி, கிணற்றில் வாளி விடுகிற மாதிரி இறக்கினாள். கிளிப் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. ஈர்க்கில் வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"முடிஞ்சுது" என்றேன் கடைசியில்.

"இதுல இந்தப் பக்கம் 'இன்' எண்டு போட்டீக்குதே. நீங்க வெளிய போற ஹோஸயில்லோ இதுல பூட்டீக்கிற?"

பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. "நீ கவனிக்கிறியா எண்டு பார்த்த நான்" என்று சொல்லிக் கழற்றி மாற்றினேன்.

மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. அதை மீட்க வேண்டும். கை கழுவி, பிளேன்டியைக் குடித்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். சுமன் சொன்னதுதான், ஆனால் சுமன் பெயரைச் சொல்லவில்லை.

"கீழ இந்தத் திருகத் திறந்தா சேர்ந்தது வடியும். அதப் பார்த்தே காரோட சுகம் சொல்லலாம். தூர ஓடுற கார் எண்டா கறுப்பு எண்ணெய் கொஞ்சம் வரும். சந்திக்குப் போய்த் திரும்புற கார் எண்டா என்ஜின் சூடாகாது. உள்ளுக்கு தண்ணி காயாம எண்ணெயோட கலந்து பால்தேத்தண்ணி மாதிரி வெளுத்து வரும். எங்கட மாதிரி குளிர் ஊர்ல இன்னும் கூட வரும்."

"அப்ப எங்கட கார்?"

"திகன போய் வார கார் இல்லையா? கறுப்புத்தான் வரும்."

இதைச் சொன்னது நான். என் வாயால், என் வீட்டு வாசலில் இருந்துகொண்டு. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் அது எங்கேயும் போகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பேசுகிற சுகத்தில் மறந்துவிட்டேன்.

சில சனிகள் போயின. பை பஸ்ஸில் போனது, நான் கேரம் விளையாடினேன், மாமி போனில் "வந்தார், திண்டார், போனார்" என்றார். எல்லாரும் சந்தோஷம். ஒரு ஞாயிறு காலையில் எனக்கு ஆசை வந்துவிட்டது. நான் பூட்டின டின் என்ன பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிலும் அஸீமாவுக்குக் காட்ட வேண்டும்.

"அஸீமா! வா, வா. பிடிச்ச அழுக்கப் பாரு."

அவள் லேப்பிலிருந்து கொண்டு வந்த ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்தாள். நான் குனிந்து திருகைத் திறந்தேன்.

பால்தேத்தண்ணி வந்தது.

நல்ல கெட்டிப் பால்தேத்தண்ணி. சீனி போட்டுக் கொடுத்தால் விருந்தாளி குடித்துவிடுவார். பிரசங்கம் முழுதும் வரி வரியாக ஞாபகம் வந்தது. அஸீமா குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது... மூடுபனி" என்றேன். "பனி உள்ளுக்குப் போயீக்குது."

"ம்."

"திகனப் பக்கமும் போன கிழமை நல்ல மழை."

"ம்."

"நீங்க என்ன யோசிக்கிறீங்க?" எனக்குப் பயம் வந்தால் நீ என்பது தானாக நீங்க ஆகிவிடும்.

"ஒண்டுமில்ல. எங்கட லேப்ல ஒரு குப்பி இப்பிடி வந்தா என்ன செய்ற தெரியுமா?"

"என்ன?"

"ரிப்போட் கொடுக்க மாட்டோம். இன்னொருக்கா வரச் செல்லுவோம்." குப்பியை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "வார சனி திகன போய் வந்தோடன ஒருக்காத் திறந்து பார்ப்போம்."

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கிழமை முழுதும் அவள் சாதாரணமாக இருந்தாள். அதுதான் இன்னும் மோசம்.

அந்தச் சனி மட்டுமாவது உண்மையாகத் திகனைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். அன்று கராஜில் கேரம் போட்டியின் அரையிறுதி. நான் வராவிட்டால் மற்றவனுக்கு வெற்றி. ஆகவே பையை வழக்கம் போல பஸ்ஸில் ஏற்றிவிட்டு சுமனிடம் போனேன்.

"சுமன், எனக்குக் கொஞ்சம் கறுப்பு எண்ணெய் வேணும். பழசு."

"எதுக்கு நானா?"

"டின்னுக்குள்ள ஊத்த."

அவன் கேரம் காயைக் கீழே வைத்துவிட்டான். "டின்னு எண்ணெய புடிக்கத்தானே இருக்கு? நீங்க ஏன் ஊத்துறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஒரு லொறியிலிருந்து இறக்கின பழைய எண்ணெயை ஒரு கேனில் காட்டினான். "ரெண்டு கரண்டி ஊத்துங்க, போதும். கூட ஊத்திராதீங்க."

இரண்டு கரண்டி ஊற்றினேன். டின்னுக்கு அடியிலேயே கிடந்தது. தூர ஓடின கார் என்றால் இவ்வளவுதானா என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கொஞ்சம் கூடக் கிடந்தால் நம்பிக்கை வரும் என்று மேலும் ஊற்றினேன். செய்கிற வேலையைக் குறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. டின் விளிம்பு வரை வந்தது. அரையிறுதியில் தோற்றேன். அது வேறு கதை.

பின்னேரம் அஸீமா வேலையால் வந்தாள். ஹேண்ட்பேக்கைக்கூட வைக்கவில்லை, இன்னொரு குப்பியோடு வாசலுக்கு வந்தாள். திருகைத் திறந்தேன். கறுப்பு எண்ணெய் குப்பியை நிரப்பி, அவள் விரலை நனைத்து, நிலத்திலும் ஓடியது. அவள் விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனாள். பிறகு ஜன்னல் விளிம்பிலிருந்த வெள்ளைக் குப்பியை எடுத்து வந்து இரண்டையும் பொனட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே கார். ஒரே ரோட்டு. ஒரே டிரைவர். அண்டைக்கு வெள்ள, இண்டைக்குக் கறுப்பு. எது உண்மை? நல்லா யோசிச்சுச் செல்லுங்க."

யோசித்தேன். வெள்ளை உண்மை என்றால் நான் திகனைக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முறிந்தது, சாமான் கட்ட வேண்டியதுதான். கறுப்பு உண்மை என்றால் என்னில் பிழையில்லை. வங்கியில் இத்தனை வருஷம் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய கணக்கா?

"கறுப்புத்தான் உண்மை" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"ஒரு சனிக்கே டின் நிறைஞ்சீக்குது?"

"நீயே பார்த்த தானே?"

"நான் இந்தக் கிழமை மெக்கானிக் சுமன்ட்ட போன்ல இந்த டின்னப் பத்திக் கேட்ட. சுருக்கா டின் நிறையுது எண்டா என்ஜின் உள்ளுக்குத் தேஞ்சு முடிஞ்ச எண்டு அர்த்தமாம்."

எனக்குள் ஒரு பெரிய வெளிச்சம். என்ஜின் முடிந்துவிட்டதா? நல்லது! இனி பையை பஸ்ஸில் அனுப்ப நான் யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை. சட்டப்படி அனுப்பலாம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"நானும் உனக்குச் செல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்த அஸீமா. ஏத்தத்துல இழுக்குதில்ல. பாவம், வயசாகிட்டுது. இனித் திகன வரைக்கும் ஓட்ட ஏலா. மாமிட சாமான பஸ்ல அனுப்புவோம்."

"சாமான் பஸ்ல போகும். நீங்க?"

"நானும்... பஸ்ல போறேன்."

"பஸ் ஏறினா தலை சுத்துது, சத்தி வருது எண்டு செல்லித்தானே இந்தக் காரையே வாங்கின?"

அப்படித்தான் வாங்கினேன். அப்போது சொன்னது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அப்ப கார் ஏலா, பஸ் ஏலா. சனிக்கிழமை போய்ப் பார்க்கிற வேலை நடக்காது." அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "உங்கள்ள பிழை இல்ல. ஆனா பேசின பேச்சு பேச்சுதானே? வார மாசம் திகனக்குப் போவோம்."

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது, அது உண்மை. வாயை மூடிக்கொண்டேன்.

ராவைக்கு மாமிக்குக் கோல் எடுத்துக் குசுகுசுவென்று கெஞ்சினேன். "மாமி, வேணாம் எண்டு செல்லுங்க. தினமும் சமைக்க உங்களால ஏலுமா? பிரஷர் ஏறும்."

"இல்ல மகன்" என்றார் மாமி உற்சாகமாக. "வந்து போனாத்தான் விருந்தாளி. ஊட்டோட இருந்தா ஊட்டு ஆள். பருப்பும் சோறும் காணும்."

சாமான் கட்டினோம். என் புத்தகங்கள், அலுமாரி, கட்டில் எல்லாம் லொறியில் ஏறின. வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. லொறிக்குப் பின்னால் நானும் அஸீமாவும் காரில் போனோம். முடிந்துபோன என்ஜின் என்று பெயர் எடுத்த கார், பேராதனைப் பாலம் தாண்டி, கண்டி நெரிசலில் நின்று நின்று, குண்டசாலைப் பக்கம் பறந்தது. நான் வேண்டுமென்றே திணறத் திணற ஓட்டியும் அதற்கு மூச்சு வாங்கவில்லை. திகனையில் மாமியின் வாசலில் நிறுத்தினேன். மாமி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"வண்டி நல்லாத்தானே ஓடின?" என்றாள் அஸீமா.

"இண்டைக்கு என்னமோ நல்லா ஓடின."

"என்ஜினுக்கு ஒண்டும் இல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அது லொறி எண்ணெய், டீசல் மணம்."

"அப்ப ஏன் அண்டைக்கே செல்லல்ல?"

அவள் ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நீங்க செல்றீங்களா எண்டு பார்த்த. வெள்ளதான் உண்மை எண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா, மன்னிச்சு, கடுகண்ணாவையிலேயே இருந்திருப்போம்."